நன்னீர் மீன்களுக்குக் கணவாய் கொடுப்பது எப்படி: வாங்குவதிலிருந்து தொட்டியில் போடுவது வரை

"கடலில் இருப்பது நன்னீர் மீனுக்கு ஆகவே ஆகாது" என்பார் ஒருவர். "என் ஆஸ்கர் மீன் கணவாய் தின்றுதான் இந்த அளவுக்கு வளர்ந்தது" என்பார் இன்னொருவர். மீன் வளர்ப்பில் கடலுணவு என்று பேச்செடுத்தாலே இப்படித்தான். ஆரம்பத்தில் இரண்டு பேரையும் நம்பி, இரண்டு பேரையும் சந்தேகப்பட்டு, ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீனுக்குக் கணவாயை (நான் சொல்வது ஸ்க்விட் எனும் ஊசிக் கணவாய்) பிடிக்க வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. பெரும்பாலான மீன்கள் பாய்ந்து வந்து தின்னும். சிரமமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். சமையலறையில் எப்படித் தயார் செய்கிறீர்கள், தின்ற பிறகு தண்ணீர் என்ன ஆகிறது, நாளடைவில் மீன் வேறு எதையும் தொடாமல் போகிறதா என்ற மூன்றையும் கவனித்தால் போதும்.

1. உங்கள் மீனுக்கு இது தேவையா என்று பாருங்கள்

கணவாய், இறால், மீன் துண்டு எல்லாம் ஊனுண்ணிகளுக்கும் அனைத்துண்ணிகளுக்கும் உரியவை. ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா, பாலிப்டெரஸ், விரால் வகைகள், நன்னீர்த் திருக்கை, நன்னீர் பஃபர், பெரிய கெளுத்தி வகைகள் ஆகியவை தாராளமாக எடுத்துக்கொள்ளும். டிஸ்கஸ், ஏஞ்சல் போன்றவற்றுக்குப் பொடியாக அரிந்தோ அரைத்தோ கொடுக்கலாம். டெட்ரா, கப்பி மாதிரி சின்ன மீன்களுக்கும் துருவிக் கொடுக்க முடியும். ஆனால் அந்த உழைப்புக்கு உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சின்ன இறால் போன்ற உயிர்) வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

தாவரம் தின்னும் மீன்களுக்குப் போடாதீர்கள். சில்வர் டாலர், பாசி மேயும் ப்ளீக்கோ வகைகள், பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்கள் எல்லாம் நீண்ட குடல் கொண்டவை. அவற்றுக்குப் புரதம் மிகுந்த ஊன் தொடர்ந்து போனால் வயிறு உப்பும். "ஆசையாகத் தின்கிறதே" என்று கேட்காதீர்கள். கிடைத்ததையெல்லாம் தின்பது மீனின் குணம். தின்றது ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

தொட்டி புதிதா? கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டையும் மாற்றும் நல்ல பாக்டீரியா வடிகட்டியில் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை என்றால் கடலுணவைத் தள்ளிப்போடுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக நிலைத்த பிறகு ஆரம்பிக்கலாம்.

2. எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ஆரம்பிக்கக் கணவாய் நல்ல தேர்வு. ஏறக்குறைய 78 சதவீதம் தண்ணீர், 15–16 சதவீதம் புரதம், கொழுப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. எண்ணெய் குறைவு என்பதால் தண்ணீரின் மேல் படலம் கட்டாது. முள் இல்லை. வெட்டிய துண்டு தண்ணீரில் கரைந்து உதிராமல் அப்படியே நிற்கும், மிச்சமானதை எடுப்பதும் சுலபம்.

புதுக் கணவாயின் தோல் புள்ளி புள்ளியாக, பளபளப்பாக இருக்கும். கண் தெளிவாக இருக்கும். உள்சதை வெள்ளையாக இருக்கும். சதையில் இளஞ்சிவப்பு ஊறியிருந்தால் நாள் ஆகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனதும் அமோனியா நெடி அடித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மனிதர் சாப்பிடத் தகாதது மீனுக்கும் தகாது.

இறாலும் நல்லதுதான். அதன் ஓட்டிலும் சதையிலும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு நிற மீன்களின் நிறம் ஏற அது உதவும். கணவாயில் அந்தப் பலன் இல்லை. முள் நீக்கிய வெள்ளைச் சதை மீன் துண்டும் கொடுக்கலாம். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்களை எப்போதாவது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும், உறைய வைத்தாலும் அந்தக் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துவிடும்.

இவற்றின் பக்கமே போகாதீர்கள்: உப்புக் கருவாடு, எண்ணெயிலோ உப்புநீரிலோ அடைத்த டப்பா உணவு, மசாலா தடவியது, மாவில் புரட்டியது, மாவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் 'நண்டுக் குச்சி'. இன்னொன்று, தூண்டில் இரைக்கென்று விற்கும் கணவாய். பார்க்க மலிவு. ஆனால் அதில் உப்போ பதப்படுத்தும் மருந்தோ சேர்ந்திருக்கலாம், மனிதர் உண்ணும் தரத்தில் அதைக் கையாள வேண்டிய கட்டாயமும் இல்லை.

உயிருள்ள நன்னீர்க் குட்டி மீன்களை இரையாகப் போடுவதோடு ஒப்பிட்டால் உறைந்த கடலுணவு பாதுகாப்பானது. நன்னீர் இரை மீனில் இருக்கும் ஒட்டுண்ணிக்கு உங்கள் தொட்டி மீன் பழகிய வீடு. கடல் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவற்றுக்கு நன்னீரில் வாழ்க்கைச் சுற்றை முடிக்க வழியில்லை. போதாக்குறைக்கு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால் புழு வகை ஒட்டுண்ணிகள் செத்துவிடும். வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அதில் இன்னும் சில நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா விஷயம் வேறு. உறைவதால் பெரும்பாலான பாக்டீரியா சாவதில்லை, தூங்கும், அவ்வளவுதான். உருகியதும் எழுந்துகொள்ளும்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆவணம் அந்த லேபிள்தான். அதில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில் உட்பொருள் பட்டியல். "கணவாய்" என்று மட்டும் இருந்தால் அருமை. "கணவாய், தண்ணீர், உப்பு, 451" என்று இருந்தால் யோசியுங்கள். 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட் உப்புகள். சதை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எடை கூடுவதற்காகச் சேர்ப்பது. தொட்டிக்குள் போனால் பாசிக்குத் தீனி. கணவாயை வெளுப்பாகக் காட்டுவதற்கென்றே சில கரைசல்களில் ஊறவைப்பதும் உண்டு. இயல்புக்கு மீறி வெள்ளையாக, தொட்டால் வழுவழுவென்று நழுவினால் தவிர்த்துவிடுங்கள்.

220 முதல் 228 வரையிலான எண்கள் சல்பைட் வகை. இறால் கறுக்காமல் இருக்க 223 சேர்ப்பது வழக்கம். சல்பைட் வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும் என்பதால் மீனுக்கு வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். பி1 பற்றி 8-ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்து நிகர எடை. உறைந்த கடலுணவின் மேல் மெல்லிய பனிப்பூச்சு இருக்கும். சதை காயாமல் இருக்க அது தேவைதான். ஆனால் பூச்சோடு சேர்ந்த எடையா, பூச்சு நீக்கிய எடையா என்று பாருங்கள். கடைசியாக, உறைய வைத்த தேதியும் காலாவதித் தேதியும். பாக்கெட்டுக்குள் பெரிய பனிக்கட்டிகளும் பனித்தூளும் தளர்ந்து கிடந்தால் அது வழியில் எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. அதை எந்த லேபிளும் சொல்லாது, உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.

4. செலவுக் கணக்கு

சுத்தம் செய்த கணவாய்க்கும் முழுக் கணவாய்க்கும் விலை வித்தியாசம் இருக்கும். முழுதாக வாங்கினால் கழிவு போக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறும். தலையும் ஓடும் போனால் இறால் ஏறக்குறைய பாதிதான் தேறும். ஆக, கிலோ விலையை ஒப்பிடாமல் தேறும் சதைக்கு என்ன விலை என்று ஒப்பிடுங்கள்.

பெல்லட்டோடும் (மீனுக்கென்று கடையில் விற்கும் குருணை உணவு) ஒப்பிட்டுப் பார்க்கலாம். 10 கிராம் கணவாயில் சுமார் 1.6 கிராம் புரதம். 40 சதவீதப் புரதமுள்ள பெல்லட்டில் அதே 1.6 கிராம் கிடைக்க 4 கிராம் போதும். கணவாயில் எடை அதிகம், அதில் பெரும்பங்கு தண்ணீர். "பெல்லட் செலவை மிச்சம் பிடிக்கலாம்" என்ற எண்ணத்தில் கணவாய்க்கு மாறுபவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் கைகொடுக்காது. சமையலுக்கு வாங்கும்போதே ஒரு கைப்பிடி மீனுக்கென்று எடுத்து வைப்பதுதான் உண்மையில் மலிவான வழி.

கூடுதலாகத் தேவைப்படுபவை: மீனுக்கென்று தனியாக ஒரு வெட்டுப்பலகை, ஒரு கத்தி, நீளமான இடுக்கி, ஐஸ் ட்ரே, அமோனியா சோதனைக் கிட். கிட்டைத் தவிர மற்றவை ஒருமுறை செலவு. கிட்டில் கைவைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

5. கணவாயைச் சுத்தம் செய்வது

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். கையில் வெட்டுக்காயமோ கீறலோ இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால், அவரை இந்த வேலையில் இறக்க வேண்டாம். கணவாயும் சிலருக்கு அதே ஒவ்வாமையைக் கிளப்பும்.

அ) ஒரு கையில் உடல் குழாயையும் இன்னொரு கையில் தலையையும் பிடித்து மெதுவாக, நிற்காமல் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் குடல் உள்ளேயே அறுந்துகொள்ளும். நிதானமாக இழுத்தால் தலையோடு குடல் முழுவதும் வந்துவிடும். அந்தக் குடலோடு ஒட்டி, வெள்ளிக்கோடு மாதிரி மின்னுவதுதான் மைப்பை. உடையாமல் எடுத்தெறியுங்கள். உடைந்தால் ஒன்றும் குடி மூழ்காது, நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் போதும். மையோடு தொட்டியில் போட்டால் தண்ணீர் கலங்கும்.

ஆ) குடலில் இருக்கும் பழுப்பு நிறச் சுரப்பியை "சத்து" என்று சொல்லி மீனுக்குப் போடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்தது, சீக்கிரம் அழுகும், போதாததற்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேரும் இடமும் அதுதான்.

இ) குழாய்க்குள் விரலை விட்டால் ஒரு ஓரமாக பிளாஸ்டிக் துண்டு மாதிரி ஒன்று தட்டுப்படும். கண்ணாடிபோல் தெளிந்த, மெலிந்த, நீண்ட தகடு. அதை நுனியில் பிடித்து இழுத்தால் முழுதாக வரும். முறிந்தால் மிச்சத்தையும் தேடி எடுங்கள். கைட்டினால் ஆன அது செரிக்காது. கூரான முறிவு தொண்டையைக் கிழிக்கலாம்.

ஈ) தோலை நகத்தால் கிளப்பி உரியுங்கள். பெரிய மீன்களுக்குத் தோல் இருந்தாலும் பரவாயில்லை. சின்ன வாய் மீன்களுக்கு உரிப்பதே நல்லது, அந்தத் தோல் இழுபடும், அறுபடாது.

உ) தலையில் கண்ணுக்குக் கீழே வெட்டினால் கைகள் ஒரே கொத்தாகத் தனியே வரும். அந்தக் கொத்தின் நடுவை அழுத்தினால் கிளி மூக்கு மாதிரி கறுப்பாக ஒன்று வெளியே துருத்தும். அது அலகு. தவறாமல் எடுத்துவிடுங்கள். உறிஞ்சிகளுக்குள் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும், விளிம்பில் பல்லும் இருக்கும். கத்தி முதுகால் சுரண்டினால் உதிரும். சோம்பலாக இருந்தால் கைகளை நீங்கள் வைத்துக்கொண்டு உடல் சதையை மட்டும் மீனுக்குக் கொடுங்கள், இரு தரப்புக்கும் லாபம்.

ஊ) குழாய் நீரில் நன்றாக அலசி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். "கடல் உப்பு நன்னீரைக் கெடுத்துவிடாதா" என்று எல்லோரும் கேட்பார்கள். பதப்படுத்தாத ஒரு துண்டுக் கணவாயில் இருக்கும் உப்பு ஒரு தொட்டித் தண்ணீரில் கணக்கிலேயே வராது.

இறாலுக்கு: நெற்றி முள்ளோடு தலை, வால் நடுவில் இருக்கும் கூர்முள், முதுகு நரம்பு மூன்றையும் எடுங்கள். பெரிய மீன்களுக்கு ஓட்டை விட்டுவிடலாம்.

வேகவைக்க வேண்டுமா? கணவாயைப் பச்சையாகவே கொடுங்கள். வெந்தால் ரப்பராகும். இறாலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: தொட்டியில் அலங்கார இறால்களோ நன்னீர் நண்டுகளோ இருந்தால், சந்தை இறாலைப் பச்சையாகப் போடாதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ் இறால், நண்டு போன்ற ஓடுடைய உயிர்களைத் தாக்குவது, உறைய வைத்தாலும் சாகாது. மீனுக்கு அது ஒன்றும் செய்யாது. இறால் கூட்டத்தை அழித்துவிடும். இதே காரணத்துக்காக, இறால் அலசிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள்.

6. வெட்டும் அளவு

கணவாய் முழுதாக உருகியிருந்தால் கத்திக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும். பாதி உறைந்த நிலையில் வெட்டுங்கள், சீராக வரும்.

குழாயை நீளவாக்கில் கீறி விரித்துத் தட்டையாக்குங்கள். பலர் செய்வதுபோல் வளையம் வளையமாக வெட்டாதீர்கள். கணவாயின் தசைநார்களில் பெரும்பகுதி குழாயைச் சுற்றித்தான் ஓடுகின்றன. வளையமாக வெட்டினால் நார் முழு நீளத்துக்கு அப்படியே இருக்கும். மீனால் அதைக் கடித்து அறுக்க முடியாது. பாதி தொண்டைக்குள்ளும் பாதி வாய்க்கு வெளியிலுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றும், அடுத்த மீன் தொங்கும் முனையைப் பிடித்து இழுக்கும். விரித்த சதையை முதலில் நீளவாக்கில் கீற்றுகளாக அரிந்து, பிறகு குறுக்கே சின்னக் கட்டங்களாக நறுக்குங்கள்.

மீன் கடிக்காமல் ஒரே வாயில் விழுங்கக்கூடிய அளவுதான் சரி. சின்ன மீன்களுக்கு அதன் கண் அளவு. பெரிய மீன்களுக்கு வாய் திறக்கும் அகலத்தில் பாதி. பாலிப்டெரஸ் மாதிரி கண்பார்வை மந்தமான, வாய் குறுகிய மீன்களுக்கு மெல்லிய குட்டைக் கீற்றாகக் கொடுத்தால் சுலபமாக எடுக்கும்.

பஃபர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கணவாய் தின்று பல் தேயாது. நத்தை, ஓட்டோடு கூடிய மட்டி, நண்டுக்கால் மாதிரி கடினமானவைதான் பல்லைத் தேய்க்கும். கணவாயை மட்டுமே கொடுத்தால் பல் நீண்டு, கடைசியில் வாயைத் திறக்கவே முடியாமல் போகும்.

7. உறைய வைப்பதும் உருக்குவதும்

நறுக்கிய துண்டுகளை ஒரு வேளைக்கு எவ்வளவோ அந்த அளவில் ஐஸ் ட்ரே குழிகளில் போட்டு உறைய வையுங்கள். கெட்டியானதும் பைக்கு மாற்றி, காற்றை வெளியேற்றி மூடி, மேலே தேதி எழுதுங்கள். அல்லது பையில் தட்டையாகப் பரப்பி, கத்தி முதுகால் கட்டம் போட்டு உறைய வைத்தால் வேண்டியபோது உடைத்துக்கொள்ளலாம். கணவாயும் வெள்ளை மீனும் 3 மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும். எண்ணெய் மீன்களுக்கு அதில் பாதிக் காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்குவதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டே சரியான இடம். காலையில் எடுத்துக் கீழே வைத்தால் மாலையில் தயார். அவசரமென்றால் ஒரு கோப்பையில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் 10, 15 நிமிடம் போடுங்கள். சுடுநீர் வேண்டாம்; வெளிப்புறம் வெந்து உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். உருகியதில் வழிந்த நீரைக் கொட்டிவிட்டு, துண்டை மட்டும் அலசித் தொட்டியில் போடுங்கள். மீனின் வாய்க்குப் போகாமல் தண்ணீரை மட்டும் கெடுக்கும் புரதம் அந்த நீரில்தான் இருக்கிறது. ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

8. பெரிய பொறி: வைட்டமின் பி1

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, திடீரென்று மீனைச் சாய்ப்பது இதுதான். சில கடலுணவுகளிலும் சில நன்னீர் மீன்களிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ, அதாவது தயாமினை, உடைத்துவிடும். உணவில் இருக்கும் பி1 மட்டுமல்ல, அதோடு கலந்து போகும் மற்ற உணவின் பி1-ம் போகும். மட்டி, சிப்பி, பல இறால் வகைகள், நெத்திலி, கெண்டை, கோல்டுஃபிஷ் ஆகியவற்றில் இது உண்டு. திலாப்பியா, காட், சால்மன் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

உறைய வைப்பது இந்த நொதியை ஒன்றும் செய்யாது. மாறாக, உறைந்து கிடக்கும் காலத்திலும் அது மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். வெப்பம் அழிக்கும். அதனால் மட்டி, சிப்பி கொடுப்பதாக இருந்தால் உள்வரை சூடேற ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள்.

பி1 குறைந்தால் முதலில் பசி போகும். பிறகு சமநிலை தடுமாறும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தும், சுழலும், சின்ன அதிர்வுக்கும் துள்ளிக் கண்ணாடியில் மோதும். இவற்றைப் பார்ப்பவர்கள் காற்றுப்பை நோய் என்று நினைத்து ஏதேதோ மருந்து ஊற்றுவார்கள். அதற்கு முன், கடந்த சில மாதங்களாக என்ன கொடுத்தோம் என்று திரும்பிப் பாருங்கள். எப்போது எதைக் கொடுத்தோம் என்று ஒரு சின்னக் குறிப்பேடு வைத்திருந்தால் அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். ஒரே கடலுணவை அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். தரமான பெல்லட்டை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வைட்டமின் எல்லாம் கணக்காகச் சேர்த்தது பெல்லட்டில்தான். பெல்லட் சாப்பாடு, கணவாய் தொட்டுக்கொள்ள என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாயில் கால்சியம் குறைவு என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆமைக்கு அது பெரிய பிரச்சினை. நன்னீர் மீன்கள் கால்சியத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்; மிகவும் மென்னீர் என்றால் மட்டும் கவலைப்படலாம்.

9. முதல் முறை போடும்போது

வளர்ந்த, ஆரோக்கியமான மீனுக்கு ஒரு நாள் உணவு நிறுத்திவிட்டு, மறுநாள் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் போடுங்கள். ஒரே ஒரு துண்டு. இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் லேசாக ஆட்டினால் பெரும்பாலான வேட்டை மீன்கள் வந்துவிடும். இரவில் திரியும் கெளுத்தி, பாலிப்டெரஸ், திருக்கை போன்றவை மணத்தை வைத்தே வரும். விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து அதன் வழக்கமான மூலையில் வையுங்கள்.

வாயில் வாங்கித் துப்பினால் கவலைப்படாதீர்கள். அது சோதித்துப் பார்க்கிறது. இரண்டு மூன்று முறை துப்பிய பிறகும் எடுக்கவில்லை என்றால் துண்டை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து இன்னும் சின்னதாக வெட்டி, பெல்லட்டோடு சேர்த்துப் போடுங்கள்.

கணவாயை மறுக்கும் மீன் ஒரு தொல்லையே அல்ல. கணவாய்க்கு அடிமையாகிற மீன்தான் தொல்லை. அரோவானா, ஆஸ்கர் எல்லாம் இதில் பெயர் போனவை. நான்கு வேளை கணவாய் கண்டதும் ஐந்தாவது வேளை பெல்லட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பும். நீங்கள் மனமிரங்கிக் கணவாய் போட்டால் உங்களைப் பழக்கிவிட்டது என்று அர்த்தம். பெல்லட்டை முதலில் போடுங்கள், அது தின்ற பிறகுதான் கணவாய். அடம் பிடித்தால் பட்டினி போடுங்கள். நல்ல உடல்வாகுள்ள பெரிய மீனுக்குச் சில நாள் பட்டினியால் ஒன்றும் ஆகாது. குஞ்சுகளிடம் மட்டும் இந்தப் பிடிவாதம் வேண்டாம்.

10. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை

வளர்ந்த ஊனுண்ணிக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு வேளை கடலுணவு போதும். மொத்த உணவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஒரு வேளைக்கு இரண்டு நிமிடத்துக்குள் தின்று முடிப்பது அளவு. வயிறு லேசாக மேடிட்டால் நிறுத்துங்கள். பந்து மாதிரி ஆகும்வரை காத்திருக்காதீர்கள். வாரம் ஒருநாள் முழுப் பட்டினி நல்லது.

மிச்சத்தை ஏன் உடனே எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்று, 10 கிராம் என்று வையுங்கள், மரத்துண்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. அதில் 1.6 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக ஏறக்குறைய 0.26 கிராம். துண்டு முழுவதும் அழுகி அந்த நைட்ரஜன் எல்லாம் அமோனியாவாக மாறினால், 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் படிப்படியாகச் சமாளித்துவிடும், இல்லையென்றால் சோதனைக் கிட்டில் நிறம் ஏறும். தண்ணீரின் காரத்தன்மையும் இங்கே முக்கியம். 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஹெச் 8 என்றால் 6 சதவீதத்துக்கும் மேலே. ஒரே துண்டு, ஒரே தொட்டி, பாதிப்பு மட்டும் பல மடங்கு மாறுகிறது.

அதனால் துண்டுகளை எண்ணிப் போடுங்கள். எத்தனை போட்டோம், எத்தனை வாய்க்குள் போயிற்று என்று தெரிந்தால்தான் எத்தனை பாறை இடுக்கில் கிடக்கிறது என்று தெரியும். முடிந்த ஐந்து நிமிடத்தில் மிச்சத்தை எடுங்கள். இரவு படுக்கப் போகும் நேரத்தில் கடலுணவு போடும் பழக்கம் வேண்டாம். ஆரம்ப வாரங்களில் கடலுணவு போட்ட மறுநாள் அமோனியா பாருங்கள். லேசாகத் தெரிந்தாலும் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு, அடுத்த முறை பாதி அளவு போடுங்கள்.

11. கூட்டமாக வளர்ப்பவர்களுக்கு: அரைத்துக் கட்டிய உணவு

டிஸ்கஸ் கூட்டத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டிருக்க முடியாது. கணவாய், வேகவைத்த இறால், வெள்ளை மீன் மூன்றும் சேர்த்து 200 கிராம் எடுத்து அரையுங்கள். கொஞ்சம் வேகவைத்த பட்டாணியும், ஊறவைத்து மசித்த பெல்லட் ஒரு கைப்பிடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு ஜெலட்டினோ அகர் அகரோ (கடல்பாசியிலிருந்து எடுப்பது) வேண்டும். ஜெலட்டின் சுலபம், ஆனால் டிஸ்கஸ் தொட்டியின் 28–30 டிகிரி வெப்பத்தில் மெல்ல இளகி உதிர ஆரம்பிக்கும். போட்டதும் தின்று முடிக்கும் கூட்டத்துக்குத்தான் அது சரி. அகர் அகர் 80 டிகிரிக்கு மேல் போகும்வரை உருகாது. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் அகர் பொடியைக் கொதிக்க வைத்து, ஆவி அடங்கி, இறுகத் தொடங்குவதற்குச் சற்று முன்பு அரைத்த கலவையில் கலந்து தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். அதற்குக் கலவை அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்தால் அகர் ஆங்காங்கே திரிந்து கட்டி கட்டியாகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலோ பெல்லட்டில் இருக்கும் வைட்டமின்கள் போய்விடும். இறுகியதும் கட்டம் போட்டு உறைய வையுங்கள்.

12. நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மறுநாள் வெள்ளை நூலாகக் கழிவு தொங்குவது, வயிறு இறங்காமல் உப்பியே இருப்பது, விழுங்கியதைக் கக்குவது, பக்கவாட்டில் சாய்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கடலுணவை நிறுத்தி, இரண்டு நாள் ஒன்றும் போடாமல் விடுங்கள். தண்ணீரைச் சோதியுங்கள். கக்கிய துண்டை எடுத்துப் பாருங்கள்; நார் நீளமாக இருந்தால் வெட்டும் முறையை மாற்றினால் சரியாகிவிடும். சாய்ந்து நீந்துவது நிற்கவில்லை என்றால் 8-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தால், அடுத்த வாரம் கணவாய்க்குப் பதில் இறால்.